மரகதம் போட்டவர்

மரகத மோதிரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். டீ கிளாஸைப் பிடித்தாலும் சுண்டுவிரல் மட்டும் வெளிச்சத்தைத் தேடித் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். "மோதிரம் நல்லா இருக்கே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். மரகதத்தைக் கண்டால் பாம்புக்குக் கண் அவிந்துபோகும், பக்கத்தில் பொய் சொன்னால் கல் விரிசல் விடும், விஷத்தைக் காட்டினால் நிறம் மாறும், அசல் கல்லுக்குள் பாசி படர்ந்தாற்போல் இருக்கும் என்று அவர் அடுக்கி முடிப்பதற்குள் உங்கள் டீ ஆறி, ஆடை கட்டிவிடும்.

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் இந்த இனத்தில் தலைமகன். டாக்டர் சீட்டை மூக்கில் ஒட்டிப் படிக்கிற நிலைக்கு வந்த பிறகும் கண்ணாடி போட மாட்டார். கடை திறந்ததும் கல்லையே கண்கொட்டாமல் பார்ப்பார்.

"பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. கண்ணாடி எதுக்கு?"

"குளிர்ச்சி இருக்கட்டும், எழுத்து தெரியுதா?" என்பார் கல்லாவில் இருக்கும் அவர் மனைவி.

"உனக்கு நம்பிக்கை பத்தாது."

ஒருநாள் எதிர்மாடித் தையல்காரம்மா கண் சிவந்து, நீர் வடிய வந்தார். இவர் சீட்டைப் பார்த்தார், தட்டிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துக் கொடுத்தார், அனுப்பிவிட்டார். சற்றுக் கழித்து மனைவி தட்டைப் பார்த்தார். கண் மருந்து வரிசை அப்படியே இருந்தது. காது மருந்து வரிசையில்தான் ஓர் இடம் காலி. மனைவி செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி, மாடி ஏறி ஓடினார். தையல்காரம்மா தலையைச் சாய்த்து இமையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஊத்தாதீங்க! அது காதுக்கு!"

திரும்பி வந்தவர் கத்தவில்லை. புட்டியைக் கணவர் முன்னால் வைத்தார். "படிங்க."

கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். "கா..." என்றவர் புட்டியைக் கீழே வைத்தார். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நேரே கண் டாக்டரிடம் போனார்.

கண்ணாடி வந்தது. முதலில் எதைப் பார்த்தார்? வேறெதை! கல்லுக்குள் பாசியுமில்லை, படர்வுமில்லை. சோடாவில் இருப்பதுபோல உருண்டையாக ஒரு குமிழி. சுத்தமான பச்சைக் கண்ணாடி.

"வாங்கின அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றார் மனைவி மெதுவாக. "நீங்க சந்தோஷமா இருந்தீங்க. விட்டுட்டேன்."

மனிதர் கல்லைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மறுநாள் கண் தெளிந்து வந்த தையல்காரம்மாவிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தம்மா பெருந்தன்மையாகச் சிரித்து, "கண்ணாடி போட்டுட்டீங்களா! அப்போ மோதிரம்?" என்றார்.

சுண்டுவிரல் தானாக நீண்டது. "அதுதானேம்மா என்னைச் சரியான டாக்டர்கிட்ட கொண்டுபோய் விட்டுது!"

கல்லாவில் ஓர் இருமல் கேட்டது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன இன்டர்வியூவுக்கு, அலமாரியைக் கவிழ்த்துத் தேடி அந்த ராசியான பழைய நீலச் சட்டையைத்தான் போடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றது யார்?