பன்னிரண்டு வீட்டுக்கு முப்பத்தாறு சுருள்

ஸ்ரீ:

அடையாறு,
18-2-1974

சௌபாக்கியவதி ஜெயலக்ஷ்மிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் இங்கே நானும் குழாய்த் தண்ணீரும் காலை வேளையில் மட்டுமாவது சுறுசுறுப்பாக இருந்து வருகிறோம். அங்கே உன்னுடைய, மாப்பிள்ளையுடைய தேக சௌக்கியத்துக்கு எழுதவும். வழக்கமான நீல ஏர் லெட்டரில் இடம் போதாது என்று இந்தத் தடவை தனியாகக் கவரும் காகிதமும் வாங்கியிருக்கிறேன். அதிலிருந்தே விஷயம் பெரியது என்று நீ ஊகித்துக்கொள்ளலாம்.

முதலில் உன் ஜனவரிக் கடிதத்தில் நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதிவிடுகிறேன், பிற்பாடு 'நான் எப்போ அப்படிச் சொன்னேன்' என்று நீ கேட்கக் கூடாது பார்: 'அம்மா போய்ப் பதினாலு மாசமாச்சு. உங்களுக்குப் பால் காய்ச்சத் தெரியாது. ஜூன் மாசம் டிக்கெட் அனுப்பறேன், ஆத்தைக் காலி பண்ணிட்டு இங்கே டெக்ஸாஸுக்கு வந்துடுங்கோ. இல்லை, தனியா இருந்து சமாளிச்சுடுவேன்னா, காலனியில ஏதோ விருந்து வரதுன்னு எழுதியிருந்தேளே, அதுக்கு உங்க கையால ஒரே ஒரு வஸ்து பண்ணி எடுத்துண்டு போங்கோ. நாலு பேர் அதைச் சாப்பிட்டுட்டான்னா நான் இனிமே டிக்கெட் பேச்சே எடுக்கலை.' இது நீ போட்ட நிபந்தனை. நான் போட்டதல்ல. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

அந்த விருந்துக்குப் பெயர் பாட்லக்காம். எங்கள் காலனி செக்ரெட்டரி சிதம்பரநாதனை உனக்குத் தெரியும், தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். சமையல்காரரை வைத்து வருஷா வருஷம் வடையும் கேசரியுமே போடுகிறோமே, இந்தத் தடவை எல்லா வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து மொட்டை மாடியில் பகிர்ந்து சாப்பிடுவோம் என்று அவர்தான் முடிவு செய்தார். மாடி வீட்டுக் காமாக்ஷி மாமி நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து, யார் யார் என்ன என்று எழுதிக்கொண்டாள். என் வாசலில் வந்து நின்று, "மாமா, நீங்க ஒண்ணும் சிரமப்படாதேங்கோ. வாழை எலை மட்டும் வாங்கிண்டு வந்துடுங்கோ, போறும்" என்றாள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். ஆனாலும் ஜெயா, அன்றைக்குச் சாதம் இறங்கவில்லை எனக்கு. இந்தப் பதினாலு மாதத்தில் குழம்பும் ரசமும் கூட்டும் என் வீடு போக மற்றப் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் மாற்றி மாற்றி வந்துகொண்டிருக்கிறது. நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன், ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுக்கிறேன். உன் அம்மா இருந்தவரை இந்த வீட்டிலிருந்து போகாத பண்டம் உண்டா? இப்போது நான் வெறுமனே வாங்கிச் சாப்பிடுகிறவனாகிவிட்டேன். வெட்கமாக இருந்தது. "எலை வேற யாராவது வாங்கட்டும், நான் டெக்ஸாஸ் பக்ஷணம் பண்றேன்" என்று சொல்லிவிட்டேன். மாமி கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

சொல்லியாயிற்று, இனிமேல் பின்வாங்க முடியுமா? அந்த ஜனவரிக் கடிதத்தோடு நீ அனுப்பிய டோர்ட்டியாச் சுருள் செய்முறையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டேன். முப்பத்திரண்டு வருஷம் சர்வே ஆபீஸில் வரைபடம் வரைந்தவன் நான். மேலதிகாரி காகிதத்தில் இருப்பதை வரைவேனே தவிர, என் இஷ்டத்துக்கு ஒரு ஓடையைக்கூடச் சேர்த்ததில்லை. உன் செய்முறையையும் அப்படித்தான் நடத்தினேன், நீ எழுதாததை நான் போடவில்லை, எழுதியதை விடவில்லை. ஆனால் சாமான் கிடைக்க வேண்டுமே! ஆலிவ் காய் என்று எழுதியிருந்தாய். பாண்டி பஜாரில் நாலு கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடைக்காரர் மருந்துக் கடைக்குப் போகச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் ஒரு சின்ன ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வைத்து, "கொழந்தைக்கு எத்தினி மாசம் சார்? குளிப்பாட்டறதுக்கு முன்னாடி நல்லா தேய்க்கச் சொல்லுங்க" என்றார். கொழந்தைக்கு முப்பத்தொரு வயசு, டெக்ஸாஸில் இருந்துகொண்டு என்னைப் படுத்துகிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். 'பச்சையாய், உருண்டையாய், கொஞ்சம் கசப்பாய் இருக்கும்' என்று அடையாளம் எழுதியிருந்தாய். பச்சை, உருண்டை, கசப்பு. மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போய்க் கால் படி சுண்டைக்காய் வாங்கி வந்தேன். ஒரு அடையாளமாவது தப்பா, சொல்லு.

க்ரீம் சீஸுக்குப் பதிலாகத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடலாம் என்று நீயே எழுதியிருந்தாய். எங்கே தொங்கவிடுவது என்று எழுதவில்லை. கூடத்து உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி சும்மாதானே இருக்கிறது என்று அதில் கட்டிவிட்டு, மறந்துபோய் அதற்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தேன். தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தபோது, பிப்ரவரியில் மழையா என்று யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் காமாக்ஷி மாமி உள்ளே வந்து, "ஐயையோ, எங்காத்துக் குழா ஒழுகறதா மாமா?" என்று பதறி, அண்ணாந்து பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

டோர்ட்டியா என்பது மைதாச் சப்பாத்தி மாதிரிதான் என்றாயே, அதில் மட்டும் எனக்குச் சிரமமே இல்லை. ஓரம் கோணினால் என் கை பொறுக்காது, ஆகையால் ஆபீஸ் காம்பஸை வெந்நீரில் கழுவி வட்டம் போட்டு, கத்தியால் நறுக்கிச் சுட்டேன். ஆறு வட்டம், ஆறும் ஒரே அளவு. கட்டித் தயிரைத் தடவி, குடமிளகாயும் பச்சை மிளகாயும் வேகவைத்த சுண்டைக்காயும் தூவி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, ஈரத் துணியில் சுற்றினேன். நம் ஆத்தில் தளிகை பண்ணும்போது யாரும் வாயில் போட்டுப் பார்ப்பது கிடையாது, பெருமாள் அமுது செய்த பிற்பாடுதான் நமக்கு. உன் அம்மா நாற்பது வருஷம் வாசனையை வைத்தே எல்லாம் சொல்வாள். நானும் முகர்ந்து பார்த்தேன். தயிர் வாசனை வந்தது. சரியாக இருக்கிறது என்று தீர்மானித்து, பெருமாளுக்குக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது, ராத்திரி பூராவும் குளிரில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். காலனியில் ஃப்ரிஜ் இருப்பது ஷரஃபுதீன் வீட்டில் மட்டும்தான். எனக்குத் தயக்கம்தான், மறைக்கவில்லை. அந்த வீட்டில் என்ன இருக்கும், எதன் பக்கத்தில் இதை வைப்பது என்று மனசு அடித்துக்கொண்டது. சனிக்கிழமை சாயங்காலம் துணிச் சுருளைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அவர் சம்சாரம் சகினா கதவைத் திறந்தவுடன், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "வாங்க சார். மாமி சொன்னாங்க. ஃப்ரிஜ்ஜ காலையிலயே காலி பண்ணிட்டேன். சோடா உப்பு போட்டு ரெண்டு தடவ கழுவி, தொடச்சி வெச்சிருக்கேன். எங்க சாமானெல்லாம் அக்கா வூட்டுக்கு அனுப்பிட்டேன். ஒங்களுது மட்டுந்தான் இருக்கும்" என்றாள். முழு ஃப்ரிஜ் ஜெயா, எனக்காக, ஒரு ராத்திரிக்கு. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கேல் வைத்து நறுக்கினேன். சுருளுக்கு ஆறு துண்டு, மொத்தம் முப்பத்தாறு, வீட்டுக்கு மூன்று. ஒன்றை நான் வாயில் போட்டுக்கொண்டால் ஒரு வீட்டுக்குக் குறையும். ஆகையால் தொடவில்லை. ஓரத்தில் நறுக்கிய முனைகளைக் காக்கைக்கு வைத்தேன். காக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் எதிர் வீட்டு மாடியில் வைத்துவிட்டுப் பறந்துவிட்டது. பசி இல்லை போலிருக்கிறது.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டியது. மாடியில் ஒவ்வொருவரும் தன் பண்டத்தின் பக்கத்தில் நின்று பரிமாறினோம். முதலில் சிதம்பரநாதன்தான் வந்தார். ஒரு துண்டை முழுசாக வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் அசையவில்லை. திறந்தபோது கண் கலங்கியிருந்தது. "ஐயா, இந்த மாதிரி ஒண்ண நான் பொறந்ததுல இருந்து தின்னதில்ல" என்றார். அவர் மனைவி தங்கம் உடனே, "நான் வீட்டுக்கு எடுத்துக்கிடுதேன் ஐயா, நிதானமா திங்கணும்லா" என்று மூன்றை வாங்கிக்கொண்டாள். காமாக்ஷி மாமி பாதி கடித்துவிட்டு, "மாமா, ரொம்ப... ரொம்ப மெத்துனு இருக்கு" என்று சொல்லித் தண்ணீர் குடிக்கப் போனாள். சகினா ஒன்றைக் கடித்துவிட்டு இன்னும் இரண்டு கேட்டு வாங்கினாள். ஷரஃபுதீன் தனியாக வந்து இரண்டு எடுத்துக்கொண்டு, "பிரமாதம் சார்" என்று கையைக் குலுக்கினார். பத்தே நிமிஷம்! தட்டு காலி. எனக்கே ஒரு துண்டு மிஞ்சவில்லை. காமாக்ஷி மாமியின் புளியோதரை பாதி அப்படியே இருந்தது, பாவம், எனக்குச் சங்கடமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சந்தோஷமாக இருந்தது. உன் அம்மா இல்லையே என்றும் இருந்தது. நீ என்னைக் கூப்பிடுவது பயத்தினால் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா ஒரு நாள் தனியாகக் கீழே விழுந்து கிடப்பாரோ என்று நீ அங்கே தூங்காமல் புரள்வாய். அந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளவும், நாலு பேருக்குச் செய்து போடவும் தெரிந்த மனுஷனை ஊரை விட்டுக் கிளப்புவது நியாயமா, நீயே சொல். நாலு பேர் என்றாய், பன்னிரண்டு வீடு சாப்பிட்டிருக்கிறது. டிக்கெட் வாங்க வேண்டாம். இந்த விஷயத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். குளிரில் தலையை நனைக்காதே. தாயார் உன்னை என்றும் காப்பாற்றுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஸ்ரீரங்கன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. மாடியைப் பெருக்கப் போன சுப்பம்மா இப்போதுதான் ஒரு முறத்தோடு வந்து நின்றாள். "இன்னா சாமி இது? குரோட்டன்ஸ் தொட்டி பின்னால கீது, மணல் வாளியில கீது, தண்ணி டேங்குக்கு அடியில கீது. காயிதத்துல சுத்திச் சுத்தி வெச்சிக்கினு கீறாங்கோ. மாட்டுக்குப் போட்டேன், மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்கினு போய்ட்ச்சி" என்றாள். எண்ணினேன். இருபத்தொன்பது முழுசு, ஐந்து பாதி. "நீ தின்னு பாத்தியா?" என்று கேட்டேன். "ஒரு கடி கடிச்சேன். உப்பே இல்ல சாமி. உள்ள வேப்பங்கா மாதிரி இன்னாமோ வெச்சிக்கீறே" என்றாள். நானும் ஒன்றை வாயில் போட்டேன். துப்பிவிட்டேன். சுவரில் ஒட்டியிருந்த உன் செய்முறையைப் போய்ப் பார்த்தேன். உப்பு என்று எங்கேயும் இல்லை. அந்த ஊர் சீஸிலும் ஆலிவிலும் உப்பு இருக்குமாக்கும். உன் பேரில் குற்றமில்லை.

ஆகவே மேலே எழுதியது பூராவும் தள்ளுபடி. உன் நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன். எனக்குத் தளிகை வராது.

ஆனாலும் நான் வரப்போவதில்லை. மட்டப் புடவையை நல்ல புடவை என்று ஒரு நாளும் சொல்லாத சிதம்பரநாதன் அதை முழுசாக விழுங்கிவிட்டுப் புகழ்ந்திருக்கிறார். பன்னிரண்டு வீட்டு ஜனங்களும் ஒருத்தருக்கொருத்தர் கண்ணைக்கூடக் காட்டிக்கொள்ளாமல், நான் பார்க்காத இடமாகத் தேடித் தேடிக்கொண்டு போய் ஒளித்திருக்கிறார்கள். உன்னிடம் கொடுத்திருந்தால், 'அப்பா, இது வாயில வைக்க வழங்கலை' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாய், நீ உன் அம்மா மாதிரி. பெற்ற பெண் உண்மையைச் சொல்வாள். ஆனால் எனக்காக இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்கிற இடத்தை விட்டுவிட்டு நான் எங்கேயம்மா வருவேன்?

ஆறு வட்டத்துக்கு உப்பு எவ்வளவு என்று மட்டும் பதில் எழுது.