வரப்பேறிப் படம்பிடித்த படலம்

ஏர்முனை தேய உழுதவனே, இரண்டு ஏக்கருக்கும் குறைந்த மண்ணை ஏழுலகென ஆளும் குறுநில வேந்தனே, கருகிய மோட்டாரின் முன் கண்கலங்கி நின்றபோதும் கடன் கேட்டுத் தலைகுனியாத தன்மானத் திருவுருவே, நின் புகழ் பாடப் புகுந்தோம். பாட்டில் பிழையிருப்பின் பொறுத்தருள்க. மனுவில் பிழையிருப்பின் அலுவலகம் பொறுக்காது.

நீர் இறைத்த மோட்டார் புகைந்து மாண்டதால், கதிர்விடும் பருவத்து மக்காச்சோளம் இலைசுருண்டு வாடிய அந்நாளில், சிறு விவசாயிகளுக்கான அரசு மானியம் ஒன்றே வேந்தனின் எஞ்சிய படையாயிற்று. அது வந்தால் புது மோட்டார். வராவிட்டால் விளைந்தது அத்தனையும் மாட்டுத்தீவனம்.

"எங்க அண்ணன்கிட்ட ரெண்டு நாளைக்குத் தண்ணி இறைக்கிற இன்ஜினைக் கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?" என்று தூதுரைத்தாள் இல்லக்கிழத்தி. அவ்வண்ணனோ அடுத்த வயலுக்குரியவர்; இரு வயல்களுக்கும் இடையே கிடந்த ஒற்றை வரப்பு எவருடையது என்னும் மாபெரும் போரில் வேந்தனோடு பேச்சு முறித்தவர். ஆளுக்கொரு பக்கம் மண்வெட்டியால் செதுக்கிச் செதுக்கி, இரு மாவீரரும் அவ்வரப்பைப் பூனை நடக்கவும் யோசிக்கும் அளவுக்கு மெலியச் செய்திருந்தனர்.

"வரப்பு மாப்பிள்ளையோடதுன்னு அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் கேக்கறேன்" என்று சூளுரைத்து, வேந்தன் வேளாண் அலுவலகம் நோக்கிச் சைக்கிள் மிதித்தான்.

ஆங்கே சுழல்நாற்காலியில் வீற்றிருந்த எழுத்தர், ஆறிய தேநீரை ஒரு மிடறு அருந்தி அரசாணை மொழிந்தார்: "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நிலத்துல நின்னு படம் எடுத்து ஆப்ல ஏத்திடுங்க. அது மூஞ்சியைப் பாக்காது, நிக்கிற இடத்தைத்தான் பாக்கும். இடம் யார் பேர்ல இருக்கோ, பணம் அவங்க கணக்குக்குப் போயிடும்."

செல்பேசி ஏந்திக் களம்புகுந்தான் வேந்தன். ஆயின் சிக்னல் என்னும் மாயமான் அவ்வயலில் என்றுமே முகங்காட்டியதில்லை. கிணற்றுச் சுவரேறி நின்றான். மோட்டார்க் கொட்டகையின் தகரக் கூரைமேல் தவழ்ந்தான். வெயில் பிடரியில் அறைய, சோளத்தோகையின் விளிம்புகள் முழங்கை கிழிக்க, எங்கு நின்று எவ்வளவு கைநீட்டினும் திரையில் அச்சிறு வட்டம் செக்குமாடாய்ச் சுற்றியதேயன்றிப் படம் நகரவில்லை. பொழுதும் சாயத் தொடங்கியது.

கடைசியில் அம்மெலிந்த வரப்பின்மேல் கால்வைத்தான். வைத்த கணமே சிக்னல் கோடுகள் நான்கும் எழுந்து நின்று வணங்கின. ஆனந்தம் பொங்கிற்று அவனுக்கு. ஓரடி கீழிறங்கினால் கோடுகள் மறையும் என்பதால் மட்டுமன்று, இனி இவ்வரப்புக்கு அரசே சாட்சி என்னும் பேராசையாலும், இரு பாதங்களையும் அதன்மேல் அழுந்த ஊன்றி, மார்பு விம்ம, மீசை துடிக்க, வாடிய பயிரைப் பின்னே நிறுத்தித் தன் திருமுகத்தைப் படம்பிடித்தான். "என் வரப்பு, என் சிக்னல்" என்று திசையதிர முழங்கினான். ஏற்கப்பட்டது எனப் பச்சை எழுத்துகள் மின்னின. கொக்குகள் எழுந்து பறந்தன. வெற்றித்திருமகள் வரப்பில் இடம் போதாமல் வாய்க்காலில் நின்று வாழ்த்தினாள்.

அடுத்த வாரம் மச்சான் வாசலில் வந்து நின்று, "மானியம் என் கணக்குல ஏறியிருக்கு மாப்பிள்ளை, வரப்பு யாருதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கிக்கோங்க" என்றார்.