பென்சிலோடு படிப்பவர்

அலமாரியின் மேல் தட்டு காலியாக இருந்தது. எல்லாத் தொல்லையும் அங்கேதான் ஆரம்பித்தது.

"பல்லு போன வாய் மாதிரி இருக்கு," என்று எழுத்தாளர் போனில் மனைவியிடம் புலம்பினார். "கட்டிலுக்கு அடியில ஒரு பெட்டி இருக்கும் பாரு. அதுல இருக்கிற புத்தகத்தை எல்லாம் அள்ளிக்கிட்டு ஓடி வா. ஐயா வர்ற நேரமாச்சு!"

"எந்தப் புத்தகம்ங்க?"

"எதுவா இருந்தா என்ன? தட்டு நிறையணும், அவ்வளவுதான்!"

புத்தகத்தைப் பற்றி ஓர் எழுத்தாளர் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவருக்கு அன்று தலைகால் புரியவில்லை. பாவம், எத்தனை வருஷத்துக் கனவு!

அவருக்குப் படிப்பதற்கு இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, காபி. இன்னொன்று, காதில் செருகிய பென்சில். காபி இல்லாவிட்டால் எழுத்து கண்ணில் ஏறாது. பென்சில் இல்லாவிட்டால் ஏறிய எழுத்தோடு சண்டை போட முடியாது. படிப்பது என்றாலே அவருக்குச் சண்டைதான். எழுதியவர் ஒரு வரி சொன்னால் இவர் ஓரத்தில் இரண்டு வரி திருப்பிச் சொல்லுவார். வீட்டில் அவர் படிக்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். அத்தனை அழுத்திக் கிறுக்குவார்.

வெளியே எந்தக் காபிக் கடையில் உட்கார்ந்தாலும் ஒரு அத்தியாயம் முடிவதற்குள் துடைக்கும் துணியோடு ஒரு ஆள் வந்து நின்றுவிடுவான். "முழங்கையைக் கொஞ்சம் தூக்குங்க சார்." தூக்குவார். துடைப்பான். "இந்தப் பக்கமும் தூக்குங்க." அதற்குப் பிறகு தூக்குவதற்கு மீதி இருப்பது அவர் மட்டும்தான், எழுந்து போய்விடுவார். அப்படி ஒவ்வொரு கடையாக வெளியேறிய மனிதர், யாரும் முழங்கையைத் தூக்கச் சொல்லாத, சுவரெல்லாம் புத்தகம் இருக்கிற ஒரு கடையைக் கனவு கண்டதில் என்ன தப்பு?

இந்தக் காபிக் கடை என்னவோ மச்சினனுடையது. மனைவியின் தம்பி. திறந்த நாளிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். எழுத்தாளர் கெஞ்சிக் கூத்தாடி ஓர் அலமாரியை உள்ளே கொண்டுவந்துவிட்டார்.

"அத்தான், இன்னிக்கு ஒரு நாள் பார்ப்பேன்," என்று மச்சினன் கறாராகச் சொல்லியிருந்தான். "கூட்டம் சேர்ந்துச்சுன்னா புத்தகம் இருக்கட்டும். இல்லைன்னா நாளைக்கே அலமாரியை எடுத்துட்டு அந்த இடத்துல செல்போன் ரிப்பேர். ஆள்கிட்ட பேசி வெச்சாச்சு."

அதற்காகத்தான் ஐயாவைத் திறப்பு விழாவுக்கு அழைத்தது. ஐயா என்றால் பெரிய நாவலாசிரியர். அவர் நாவலைப் படித்து அழாத வீடு இல்லை. படிக்காத வீட்டிலும் ஒரு பிரதி இருக்கும். அவர் வருகிறார் என்றதும் கடை நிரம்பிவிட்டது. அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், கனவு பலித்த மாதிரி. முகம் சுளித்தாலோ, செல்போன் ரிப்பேர்தான்.

மனைவி மூச்சு வாங்க வந்து சேர்ந்து, மளமளவென்று தட்டில் அடுக்கினாள். தட்டு நிறைந்தது. எழுத்தாளர் இரண்டடி பின்னால் தள்ளி நின்று அழகு பார்த்தார். அடுத்த நொடி தலையில் கை வைத்துக்கொண்டார்.

நட்டநடுவில், தடியாக, ஐயாவின் நாவல்! இவர் பென்சிலால் குதறி எடுத்த அதே பிரதி!

"இதை ஏன் கொண்டு வந்தே?"

"நீங்கதானே எதுவா இருந்தா என்னன்னீங்க? வர்றவர் புத்தகமாச்சே, நடுவுல இருந்தா சந்தோஷப்படுவாரேன்னு நல்ல இடமா பார்த்து வெச்சேன்."

"உள்ளே என்ன எழுதியிருக்கேன்னு தெரியுமா?"

"நான் எங்கே படிக்கிறேன்? நீங்க கிறுக்கின கிறுக்குல அச்சு எங்கே தெரியுது?"

அவர் நாற்காலி மேல் ஏறிக் கை நீட்டவும், வாசலில் கைதட்டல் கேட்கவும் சரியாக இருந்தது. ஐயா வந்துவிட்டார்! வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் அவர் மனைவி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல்.

எழுதுகிறவர்களுக்குத் தங்கள் பெயர் மட்டும் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் தெரிந்துவிடும். ஐயா வாசலில் நின்றபடியே விரலை நீட்டினார்.

"அடடே, நம்ம புத்தகம்! எடுங்க தம்பி, அதுல ஒரு கையெழுத்துப் போட்டே கடையைத் திறந்து வெச்சிடறேன்."

எழுத்தாளர் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஐயா, இது பழசு. புதுசா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்றேன்."

"பழசாத்தான் இருக்கணும்! படிச்ச புத்தகத்துல கையெழுத்துப் போடறதுதான் மரியாதை."

"முதல்ல காபி சாப்பிடுங்க ஐயா!"

"கையெழுத்துப் போட்டுட்டுச் சாப்பிடறேன். குடுங்க."

இனிமேல் ஒரே வழிதான் என்று எழுத்தாளர் முடிவு கட்டினார். புத்தகத்தை ஐயாவின் முன்னால் மேஜையில் வைத்தார். மச்சினன் கையிலிருந்த காபியைத் தானே வாங்கிக்கொண்டார். கால் தடுக்கின மாதிரி நடித்து, லேசாக, ஓரமாக, பக்கம் ஒட்டிக்கொள்கிற அளவுக்கு மட்டும் கொட்டிவிடலாம் என்று திட்டம். நடிப்பு வராத மனிதர். கால் நிஜமாகவே தடுக்கிவிட்டது. பாதிக் காபி புத்தகத்தில், மீதி வெள்ளைச் சட்டையில்.

"ஐயோ!" என்று ஐயா சட்டையைப் பார்த்து அலறினார்.

"ஐயோ!" என்று அவர் மனைவி புத்தகத்தைப் பார்த்து அலறினார்.

கடையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு துணியோடு ஐயாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அம்மா மட்டும் கைக்குட்டையால் புத்தகத்தை ஒற்றி ஒற்றி எடுத்தார். பிறகு மின்விசிறிக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அம்மா, நீங்க எதுக்கு சிரமப்படறீங்க! என்கிட்ட குடுங்க!"

"இருங்க தம்பி. இப்பவே பிரிச்சு விடலைன்னா அப்படியே ஒட்டிக்கும்."

ஒட்டிக்கொள்ளத்தானே கொட்டினார்! அம்மாவின் கை ஒரு பக்கத்தில் சட்டென்று நின்றது. பக்கத்து மேஜையில் ஒரு கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். அவர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருந்தாரா? வாய்விட்டுப் படித்தார்.

"'இந்தப் பெண் முதல் பக்கத்திலிருந்து அழுகிறாள். யாராவது ஒரு துண்டு கொடுங்களேன்!' யாரோ பென்சில்ல எழுதியிருக்காங்க!"

ஐயா சட்டையைத் துடைப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"படிங்க, படிங்க. அப்புறம்?"

டீச்சருக்கு இது போதாதா? "'மழை பெய்தது என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நாலு பக்கமாக நனைகிறோம், ஜுரம் வந்துவிடும்.'"

ஐயாவின் தோள் குலுங்கியது. கோபம்தான் என்று நினைத்து எழுத்தாளர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தால், சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்!

"இன்னும் இருக்கா?"

"இருக்குங்க ஐயா. 'போன அத்தியாயத்தில் செத்துப்போன மாமனார் இங்கே வெந்நீர் கேட்கிறார். கொடுப்பதா, ஓடுவதா?'"

"செத்தவர் வெந்நீர் கேக்கறாரா!" ஐயாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எவன்யா இப்படி எழுதினது!"

கடையே அதிர்ந்தது. தன் நாவலைக் கிண்டல் பண்ணியதற்குத் தானே இப்படிச் சிரிக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! கைதட்டல் அடங்கவே இல்லை. ஐயாவின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கணவருக்காக வருத்தப்படுகிறார் போலிருக்கிறது என்று எழுத்தாளருக்கு அந்த அம்மாவைப் பார்க்கவே கூசியது.

"சரி, இந்தப் பென்சில் யாரோடது?" என்று கேட்டார் ஐயா.

எழுத்தாளர் காதிலிருந்த பென்சிலைச் சட்டென்று பைக்குள் போட்டார். "தெரியலீங்க ஐயா. பழைய புத்தகக் கடையில வாங்கினது. முன்னாடி வெச்சிருந்தவன் எவனோ விவஸ்தை கெட்டவன்."

அத்தோடு விட்டிருக்கலாம். டீச்சர் விடவில்லை. எழுந்துபோய் மேல் தட்டிலிருந்து வேறொரு புத்தகத்தைப் பிரித்தார். "இதுலயும் அதே கையெழுத்து!" இன்னொருவர் இன்னொன்றைப் பிரித்தார். "அட, இதுலயும்! 'வில்லன் நல்லவனாக இருக்கிறான், பெண்ணை இவனுக்கே கொடுத்துவிடலாம்'னு போட்டிருக்கு!"

"எல்லாமே ஒரே ஆள்கிட்ட வாங்கினதுங்க!" என்றார் எழுத்தாளர், வியர்த்துக் கொட்ட.

அப்போதுதான் மச்சினன் காபித் தட்டோடு வந்தான். புத்தகத்தைப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தான். 'முழங்கையைத் தூக்க வேண்டாம், நிம்மதியாகப் படியுங்கள்' என்று காலையில் எழுத்தாளர் தன் கையாலேயே அதில் எழுதியிருந்தார்.

"என்ன அத்தான் கதை விடறீங்க? இது உங்க எழுத்துதானே? அந்த வளைஞ்ச 'ழ' போதாதா?"

குட்டு உடைந்துவிட்டது. எழுத்தாளர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அலமாரி இடத்தில் செல்போன்கள் வயிறு பிளந்து கிடப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஐயா எழுந்து வந்தார். தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"இத்தனை வருஷத்துல என் புத்தகத்தை முழுசாப் படிச்ச ஒருத்தரை இன்னிக்குத்தான் தம்பி பார்க்கிறேன்! பாராட்டறேன்னு வர்றவன் எல்லாம் அட்டையைத்தான் பாராட்டறான். இந்த மாதிரி ஒரு கடை தெருவுக்குத் தெரு வரணும்! எல்லாருக்கும் ஒரு பென்சில் குடுங்கய்யா!"

அவ்வளவுதான், கடை களைகட்டிவிட்டது! ஆளாளுக்கு அலமாரியில் பாய்ந்தார்கள். பென்சில் போதவில்லை. எழுத்தாளரின் மனைவி ஓடிப்போய்ப் பெட்டியாக வாங்கிவந்தாள். ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் பதில் எழுதினார். அந்தப் பதிலைத் திருத்தி டீச்சர் மதிப்பெண் போட்டார். ஒரு காபி குடித்தவர்கள் இன்னொன்று கேட்டார்கள். பால் தீர்ந்து, வாங்கி, மறுபடியும் தீர்ந்தது.

"அத்தான்!" மச்சினன் கூட்டத்துக்கு நடுவில் முண்டிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பல். "ரிப்பேர்காரனை வேண்டாம்னு சொல்லிட்டேன். எதிர்ச் சுவர்லயும் அலமாரி அடிச்சிடலாமா?"

எழுத்தாளருக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டிப்பிடித்தும் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் முழங்கையையும் யாரும் தூக்கச் சொல்லவில்லை!

ஐயா வாசலில் நின்று, காபிக் கறை தெரியாமல் பக்கவாட்டில் திரும்பி, வருகிறவர்களோடு எல்லாம் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மட்டும் உள்ளே, உலர்ந்து உப்பிப்போன அந்த நாவலோடு இன்னும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வைத்த காபி ஆடை படிந்துபோய் அப்படியே இருந்தது. எழுத்தாளர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனார்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. ஏதோ துடுக்குத்தனமா கிறுக்கிட்டேன். நல்லவேளை, ஐயா பெரிய மனசோட சிரிச்சுட்டார்."

"அவருக்கென்ன, சிரிப்பார்."

அந்த அம்மா பைக்குள்ளிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அந்தப் பென்சிலைக் கொஞ்சம் குடுங்க."

வாங்கி, வெந்நீர் வருகிற பக்கத்தைத் தேடிப் பிடித்து, அச்சிலிருந்த நாலு வரியை நிதானமாக அடித்தார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாமனார் சாகறதை எழுதிட்டு இருக்கும்போது அடுப்புல பால் பொங்கிடுச்சு தம்பி, இறக்கி வெச்சுட்டு வந்து உட்கார்ந்தேனா, அவரைச் சாகடிச்சதே மறந்துபோச்சு."