பயணியை எழுப்ப வேண்டாம்

தரையிறங்கிய பிறகுதான் தெரிந்தது, பயணி இல்லை என்று.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். ஆறு இருக்கைகள். கடைசி இருக்கையில் ஒரு கைப்பெட்டி, அதன்மேல் கழுத்துவரை இழுத்துப் போர்த்திய மாதிரி ஒரு நீலக் கோட்டு, கோட்டின் மேல் ஒரு தொப்பி. ஆளைக் காணோம்.

"மச்சான், மேனேஜர் எங்கே?"

"தூங்கறாருன்னு நீங்கதானே அத்தான் சொன்னீங்க?"

"கோட்டைப் பார்த்துச் சொன்னேன். ஆளை நீ ஏத்தலையா?"

"நான் பைலட். ஆள் ஏத்தறது என் வேலையா?"

அதுதான் விஷயம். இருவரும் பெரிய விமானங்களிலேயே காலம் தள்ளியவர்கள். பயணிகளை எண்ண, வணக்கம் சொல்லி உட்கார வைக்க எல்லாம் அங்கே தனித்தனி ஆட்கள். "எல்லாரும் ஏறியாச்சு" என்று யாராவது வந்து சொன்னால் இவர்கள் கிளப்புவார்கள். இன்று காலை யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கை பழக்கதோஷத்தில் கிளப்பிவிட்டது. பயணியின் தூக்கம் கெடக் கூடாதே என்று வழியெல்லாம் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு வேறு வந்தார்கள்.

இது அவர்களுடைய விமான டாக்ஸியின் முதல் சவாரி. ஆலை மேனேஜர் இனி காரில் நேரத்தை வீணாக்காமல், வாராவாரம் விமானத்தில்தான் தலைமை அலுவலகம் வர வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. இன்று திருப்தியென்றால் மேனேஜர் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் கடையை மூடியாக வேண்டும். வேலைக்குத் திரும்பச் சொல்லிப் பழைய கம்பெனி அனுப்பிய கடிதம் கேப்டனின் சட்டைப்பையில் இருந்தது. மாலை ஐந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுபடியும் இன்னொருவர் விமானத்தை இன்னொருவர் சொன்ன நேரத்துக்கு ஓட்டப் போக அவருக்கு அறவே மனமில்லை.

"பதறாதே. எழுபது டன் விமானத்தைப் புயல்ல இறக்கினவன் நான். இது ஒரே ஒரு மேனேஜர்!" என்றவர், மனைவிக்கு போன் போட்டார். கிளம்பிய இடத்தில் இருக்கும் டாக்ஸி அலுவலகம் அவள் பொறுப்பு.

"இங்கதாங்க இருக்கார். நீங்க மேல போனப்புறம்தான் பாத்ரூம்லேர்ந்தே வெளிய வந்தார். மூணாவது காபி ஓடுது."

"கோவமா இருக்காரா?"

"சொன்னா நம்ப மாட்டீங்க, சிரிச்ச முகமா இருக்கார். தங்கமான மனுஷன்."

"பிடிச்சு வை. அரை மணியில வந்துடறேன்."

அதற்குள் முதலாளியின் காரியதரிசி பூங்கொத்தோடு வந்துவிட்டார். "சார் இறங்கலையா?"

கேப்டன் கண் சிமிட்டாமல் ஜன்னலைக் காட்டினார். தொப்பி தெரிந்தது. "அசந்து தூங்கறார். எழுப்ப மனசு வரல."

"முதலாளி காத்துட்டிருக்காரே!"

"அதனாலதான் சொல்றேன். தூக்கக் கலக்கத்தோட முதலாளி முன்னால போய் நிக்கலாமா? மேல ஒரு சுத்து கூட்டிட்டுப் போய், நல்லாத் தூங்க வெச்சுக் கொண்டாந்துடறோம். எங்க சர்வீஸ் அப்படி."

இப்படி ஒரு சர்வீஸ் இருப்பது காரியதரிசிக்கு அன்றுதான் தெரியும். உடனே முதலாளிக்குச் சொல்ல ஓடினார்.

திரும்பி வந்து இறங்கினால், ஓடுபாதை ஓரத்தில் மனைவி மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"போயிட்டாருங்க! 'கேப்டனுக்கு எதுக்கு வீண் சிரமம்'னு ஓட்டமும் நடையுமாப் போய்க் கார்ல ஏறிட்டார். இருங்க இருங்கன்னு கத்தறேன், காதுலயே வாங்கல."

மச்சான் தலையில் கைவைத்தான். "அவர் அங்க கார்ல போய் இறங்கினா, விமானத்துல தூங்கினது யாருன்னு கேப்பாங்களே அத்தான்!"

கேப்டன் மூன்றே விநாடி யோசித்தார்.

"மேனேஜரோட டிரைவருக்கு போன் போடு. அந்தப் பக்கத்து ஓடுபாதையில, பின்வாசல் வழியா சரக்குக் கொட்டகைக்குப் பின்னால வரச் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

கார் போக இரண்டு மணி நேரம். விமானத்துக்கு அரை மணி. காருக்கு முன்னால் போனால் காரியதரிசியிடம் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே கீழே கார் ஊர்ந்தது, மேலே இவர்கள் வட்டமடித்தார்கள். லாரிகள் எல்லாம் காரை முந்திக்கொண்டு போயின. நேரத்தை மிச்சம் பிடிக்கத் தொடங்கிய தொழில் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கேப்டனுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் வட்டத்தை விடவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் எல்லாம் கச்சிதமாக நடந்தது. கேப்டன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் மேனேஜரே ஏறி, கோட்டை மாட்டி, தொப்பியை வைத்துக்கொண்டார். அங்கிருந்து வாசலுக்கு இருநூறு மீட்டர், தரையிலேயே உருள வேண்டியதுதான். அந்த இருநூறு மீட்டரும் மேனேஜர் கண்ணை இறுக மூடி, இருக்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். பாவம், கோபத்தை அடக்குகிறார் என்று கேப்டன் நினைத்துக்கொண்டார்.

மேனேஜர் இறங்கினார். பூங்கொத்தை வாங்கினார்.

"நல்லாத் தூங்கினீங்களா சார்?" என்றார் காரியதரிசி.

"அடடா, தொட்டில்ல தூங்கின மாதிரி! இனிமே விமானம்தான்யா நமக்கு."

மேனேஜர் ஒப்பந்தத்தை வாங்கி, விமானத்தின் இறக்கைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேப்டன், இன்னிக்கு எப்படி நடந்துச்சோ, அப்படியே வாராவாரம் நடக்கணும். எதையும் மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டு, காரியதரிசியோடு கிளம்பினார்.

கேப்டன் பழைய கம்பெனியின் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். மனசு நிறைந்திருந்தது. இந்த விமானம் இனி அவருடையது.

"பாத்தியா மச்சான்! தப்பு நடந்தாலும் தொழில் தெரிஞ்சவன் கையில அது தப்பாவே தெரியாது."

மறந்துபோன கைப்பெட்டியை எடுக்க வந்த மேனேஜரின் டிரைவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேப்டனின் காதருகே குனிந்தார்.

"அடுத்த வாரமும் இதே மாதிரி திரும்பிப் பாக்காமக் கிளம்பிடுங்க சார், ஐயாவுக்கு ரெண்டாவது மாடி ஏறினாலே தலை சுத்தும், கோட்டை உக்கார வெச்சுட்டு அவர் பாத்ரூம்ல ஒளிஞ்சிருக்க, 'போயிட்டாங்கய்யா, வெளிய வாங்க'ன்னு கதவைத் தட்டினதே நான்தான்!"