செருப்புக்குள் இருந்த மெட்டி

கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ, அவர் கையில்தான் குடும்பத்தின் மானமும் இருக்கிறது. அக்கா கல்யாணத்தில் அது என் இடுப்பில் இருந்தது. (யாரும் கொடுக்கவில்லை. சண்டை போட்டு வாங்கினேன்.)

காரணம் இருந்தது. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, நூலக அறிவியலில் முதுகலை படிக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்ற நேரம் அது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடப் படிப்பு. கல்யாணம் முடிந்த வாரமே விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அப்பா அசையவே இல்லை. பெண் பிள்ளைக்கு அவருக்குத் தெரிந்த ஒரே படிப்பு பி.எட்.

“புத்தகத்த அடுக்க எதுக்கும்மா ரெண்டு வருஷம்? உங்கம்மா அஞ்சறைப் பெட்டிய எந்தக் காலேஜ்ல படிச்சு அடுக்குனா?” என்பார்.

தாய்மாமா சமரசத்துக்கு வந்தார். “ஆசைப்படுறா. பி.எட். சேத்து விடுங்க, லைப்ரரியத் தபால்ல படிச்சுக்கிரட்டும்.” எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தத் துறையில் போய் உட்கார்ந்து படிக்கவேண்டும் என்பதுதானே என் ஆசை.

அடுக்குவதும் ஒரு அறிவியல்தான் என்று அப்பாவுக்குக் காட்டிவிட முடிவுசெய்தேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மேடைக்கு வேண்டிய அத்தனையும் ஒரே மஞ்சள் பையில் கிடக்கும். அதைக் கவிழ்த்து, யூடியூப் பார்த்துக் கற்ற வித்தையை இறக்கினேன். பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு பை, பைக்கு ஒரு எண். மஞ்சள் கிழங்கு சமையல் சாமானோடு போனது. குங்குமம் பவுடரோடும் கண்மையோடும் சேர்ந்தது. அம்மா எட்டிப் பார்த்து, “என்னடி, ரேஷன் கடை மாதிரி நம்பர் போட்டுருக்க?” என்றாள். விளக்கினேன். தாலியை எடுத்துத் தன் மடியில் முடிந்துகொண்டு போய்விட்டாள். (கடவுள் இருக்கிறார்.)

முகூர்த்தத்தில் தாலி ஏறியது. அக்கா அம்மி மேல் காலை வைத்தாள், மாப்பிள்ளை குனிந்தார். “மெட்டியக் கொண்டாங்கோ” என்றார் ஐயர்.

ராணி மாதிரி ஸ்டோர் ரூமுக்கு நடந்து போனேன். நகைப் பையில் மெட்டி இல்லை. வெள்ளியாச்சே என்று வெள்ளிப் பாத்திரப் பையைத் திறந்தேன். இல்லை. சடங்குச் சாமான் பையில் தர்ப்பைதான் இருந்தது. ஒரு பொருளுக்கு மூன்று நான்கு வீடு இருக்கலாம் என்று எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. (சொல்லியிருப்பார்கள். நான்தான் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.)

மாமா மூச்சு வாங்க ஓடிவந்தார். “அங்க மாப்ள குனிஞ்சமேனிக்கே நிக்கிறாரு. எம்புட்டு நேரந்தான் நிப்பாரு?”

பின்னாலேயே அப்பா. பைகளை ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்தார். கடைசிப் பையிலிருந்து அக்காவின் புதுச் செருப்பு விழுந்தது, செருப்புக்குள்ளிருந்து மெட்டி விழுந்தது. ‘காலில் அணிபவை’ என்று நான் ஒரு வகை வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்பா மெட்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஓடினார். மாப்பிள்ளைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

நான் அந்தக் குவியலுக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதேன். படிப்பு போச்சு என்று முடிவுகட்டிவிட்டேன். பந்தி முடிந்து அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “சாப்ட்டியா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

“படிக்காம அடுக்குனா என்ன ஆகும்னு பாத்துட்டேன். அப்ளிகேஷனப் போடு. சேக்கிற அன்னைக்கு நானும் வாரேன்.”

வந்தார். சேர்க்கை நாளில் பெற்றோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். எதற்கு இந்தப் படிப்பு என்று பேராசிரியர் என்னைக் கேட்க, அப்பா முந்திக்கொண்டு மெட்டிக் கதையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. பேராசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அப்ப மெட்டி தொலஞ்சே போச்சுன்னு நெனச்சீங்களா?”

“தொலையலைங்க சார்” என்றார் அப்பா. “எம் பொண்ணு வச்ச எடத்துலதான் இருந்துச்சு. எங்களுக்குத்தான் தேடத் தெரியல.”

தேடத் தெரியாமல் நின்றது நானும்தான் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அப்பா மேல் அவ்வளவு பிரியம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

இப்போது ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். வீட்டில் டிவி ரிமோட் காணவில்லை என்றாலும், “தொலையலைங்க சார், தேடத் தெரியல” என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அக்கா மட்டும் எழுந்துபோய், முதலில் செருப்பு ஸ்டாண்டைப் பார்ப்பாள்.