மூச்சு விட்ட போர்வெல்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மண்ணுக்கு ஜுரம் பார்த்த ஒரே மனுஷி எங்கள் ஐ.சி.யூ. சிஸ்டர்தான். இன்னொருவர் எங்காவது இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள். ஒருவரைச் சமாளிக்கவே எனக்குத் தெம்பு போதவில்லை.

அவருடைய பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. அரசு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவும் அம்மாவும் கடைசிவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் இவர் மாமல்லபுரத்துக்கு மேற்கே கொஞ்சம் நிலம் வாங்கினார். வாங்கியது நிலமல்ல, நோயாளி என்பது பிறகுதான் தெரிந்தது.

சிறுசேரியில் கம்ப்யூட்டர் தட்டும் நானும் என் நண்பர்களும் பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். சனிக்கிழமை விவசாயிகள். டிராக்டர் விட்டு உழுது, ஒரு சருகுகூட இல்லாமல் மண்ணைத் துடைத்து வைத்து, அதன் நடுவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். உச்சி வெயிலில் வெள்ளைப் புடவையில் ஓர் உருவம் வரப்பு மேல் வந்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு தெர்மாமீட்டரை மண்ணில் செருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

"இன்னாபா, இப்டி அம்மணமா வுட்டுகீறீங்க? அனலா கொதிக்குது. போத்தி வுடுங்க!"

போர்வை என்றால் வைக்கோல், சருகு, தென்னை மட்டை. விவசாய அதிகாரிகள் மூடாக்கு என்பார்கள். அவர் கல்யாண மண்டபங்களிலிருந்து எச்சில் இலைகளைக்கூட அள்ளி வருவார். "சீக்கிரம் துன்னு நைனா, பேஷண்ட் காத்துகினு கீது" என்று ஒரு மாப்பிள்ளையின் மாமாவையே பந்தியிலிருந்து கிளப்பிவிட்டதாகப் பேச்சு. டிராக்டர் என்றால் ஆகாது. "சும்மா சும்மா வவுத்த கீறினா மனுசனே பொழைக்க மாட்டான். மண்ணு எப்டி பொழைக்கும்?"

அவர் நிலத்தில் யாரும் உரக்கப் பேசக் கூடாது. "மெதுவா. இப்பதான் கண்ணசந்துச்சு." போன் வந்தால் வரப்புக்கு அப்பால் போய்த்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் கீரை போடும் ஏழுமலை பேசினால் கேளம்பாக்கம் வரைக்கும் கேட்கும். அவரே அந்த வரப்பருகே வந்தால் கிசுகிசுப்பார். நாங்கள் சிரித்தோம். சிரித்ததும் கிசுகிசுப்பாகத்தான். கொஞ்ச நாளில் அங்கே காக்கையும் கத்துவதில்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அந்த நிலத்தின் மூலையில் செத்துப்போன ஒரு போர்வெல் இருந்தது. அதைப் போட்டவர் ஏழுமலையின் அண்ணன். முதலில் நல்ல தண்ணீர் வந்தது. சுற்றிலும் எல்லாரும் உறிஞ்ச உறிஞ்ச, உப்புத் தண்ணீர் ஏறியது. பிறகு அதுவும் நின்றது. அண்ணன் அந்தக் கவலையிலேயே படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டார். சிஸ்டர் வாங்கியது அவருடைய நிலத்தைத்தான். போர்வெல்லுக்கு இரும்பு மூடி போட்டு, அதில் ஒரு சின்னக் குழாயை மட்டும் மேலே நீட்டி விட்டிருந்தார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு மதியம். காற்றே இல்லை. பனை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. திடீரென்று அந்தக் குழாயிலிருந்து, "ஊ..." என்று ஒரு முனகல்.

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஏழுமலை மட்டும் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்க அண்ணாத்தடா அது. அதே முக்கல். கடைசி நாள்ல இப்டிதான் முக்கிகினு இருந்தாரு."

நான் குழாயருகே கையை வைத்தேன். அந்த வெயிலிலும் சில்லென்று ஈரமூச்சு உள்ளங்கையில் பட்டது. மூச்சு என்றால் விட்டதும் இழுக்க வேண்டுமல்லவா? இது விட்டுக்கொண்டே இருந்தது. மதியம் முழுக்க, இழுக்கவே இல்லை.

வங்கக் கடலில் புயல் சின்னம், வெளியே காற்றழுத்தம் குறைகிறது, அதனால் பூமிக்குள் அடைந்திருந்த காற்று வெளியே வருகிறது என்று என் நண்பன் செல்போனைப் பார்த்து விளக்கினான். விளக்கிக்கொண்டே பின்னால் நகர்ந்து, காரில் ஏறிக் கதவையும் பூட்டிக்கொண்டான்.

"சிமென்ட் கொட்டி மூடிடலாம் சிஸ்டர்," என்று ஏழுமலை கும்பிட்டார். "அவுரு நிம்மதியா தூங்கட்டும்."

சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பைக் குழாயில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"மூச்சு கீதுய்யா. மூச்சு வுட்டுகினு கீறவன புதைக்க சொல்றியா? நான் அந்த வேல பாக்கல."

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

சிஸ்டரிடம் ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்தது. வயலில் விழும் மழையை ஒரு குழிக்கு இழுத்து, கருங்கல், ஜல்லி, கரி, மணல் வழியாக வடிய விட்டு, போர்வெல்லுக்குள் இறக்குவது. "டிரிப்ஸ்," என்றார். வேலைக்கு ஆள் வர மறுத்ததால் நாங்களே குழி வெட்டினோம். முனகல் கேட்கும்போதெல்லாம் மண்வெட்டி தானாக வேகமெடுத்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில் புயல் கரையேறியது. சிஸ்டர் தனியாக இருப்பாரே என்று போனேன். குடையெல்லாம் பறந்துவிட்டது; பாலிதீன் பையைத் தலையில் கட்டிக்கொண்டு குழியருகே உட்கார்ந்திருந்தார். தெளிந்த நீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது மேல்வரப்பு உடைந்தது. செம்மண் சேறு அப்படியே குழியைப் பார்த்துப் பாய்ந்தது. சேறு உள்ளே போனால் மணல் அடைத்துக்கொள்ளும், கதை முடிந்தது. நானும் அவரும் கையால் மண்ணை அணைத்தோம். நிற்கவில்லை.

"அய்யோ, எங்க அண்ணாத்த வாயில சேறு போவுதே!"

மழைக்குள்ளிருந்து ஏழுமலை மண்வெட்டியோடு ஓடி வந்தார். வந்தவர் ஒரே மூச்சில் தன் பக்கத்து வரப்பை வெட்டிவிட்டார். சேற்று வெள்ளம் திரும்பி அவருடைய கீரைப் பாத்திகள் மேல் ஏறியது. மறுநாள் அறுக்க வேண்டிய கீரை. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். சிஸ்டர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

புயல் கடந்து வானம் வெளுத்தபோது, சிஸ்டர் ஒரு பஞ்சுத் துணுக்கைக் குழாய் வாயில் நீட்டினார். அது சரேலென்று உள்ளே போய்விட்டது.

"இஸ்துகிச்சு," என்றார்.

பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. சிஸ்டரின் போர்வெல் அடுத்த கோடையிலும் பொங்கவில்லை. ஆனால் ஏழுமலையின் கிணற்றில் உப்பு கொஞ்சம் இறங்கியது. அவர் வீட்டு டீயில் பால் திரியாத அளவுக்கு. இப்போது அந்தப் பக்கம் இன்னும் சிலர் குழி வெட்டியிருக்கிறார்கள். எல்லார் வயலிலும் போர்வை.

இன்றும் கடலில் புயல் சின்னம் உருவானால் சிஸ்டர் எனக்குப் போன் செய்வார். எதுவும் பேசமாட்டார், போனைக் குழாயருகே பிடிப்பார். ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு, பூமிக்கடியிலிருந்து வரும் அந்த நீண்ட மூச்சை மயிர்க்கூச்செறியக் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, நோயாளியை எழுப்பிவிடாத அந்தக் கிசுகிசுப்பில், "துன்னியாபா?" என்பார். அதைக் கேட்காமல் நான் போனை வைப்பதில்லை.