ஆய்வுக்குழியில் ஆறு தென்னம்பிள்ளைகள்

என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு ஒரு தனித்திறமை உண்டு. பாதி வேலையை முழு வேலை போல எழுதிவிடுவோம். இருபத்து மூன்று வயதில் நான் அதில் கைதேர்ந்தவன். அந்தக் கை கொப்பளித்துப்போன கதை இது.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் நடந்தது. தொல்லியல் படித்துவிட்டு எட்டு மாதம் நாகர்கோவில் வீட்டில் சும்மா இருந்த பிறகு (அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார்) ஓர் ஆய்வுக் குழுவில் வேலை கிடைத்தது. சிதறாலுக்கு அந்தப்பக்கம் ஒரு மலையில் கல்குவாரி வரப்போகிறது. அதற்கு முன் அடிவாரத்தில் ஆறு குழி தோண்டி, பழங்காலத் தடயம் ஏதும் உண்டா என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். இருந்தால் குவாரி தள்ளிப்போகும். இல்லாவிட்டால் அடிவாரத்து நிலம் லாரிப் பாதையாகும். அந்த நிலமும் அதிலிருந்த ஓட்டு வீடும் செல்வி அக்காவுடையவை.

குழி தோண்ட எனக்குக் கிடைத்த ஆளும் செல்வி அக்காதான். நாற்பது வயதிருக்கும். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, கஞ்சி குடித்ததும் மம்பட்டியோடு வந்துவிடுவார். குழியின் ஓரங்கள் அளவெடுத்தது போல நேராக இருக்கும். எனக்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை, குடைக்கடியில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

மூன்றடி ஆழம் என்பது உத்தரவு. வெள்ளிக்கிழமை மதியம் ஆறு குழியும் இரண்டடியில் நின்றன. கீழே சிவப்பாக, கெட்டியாக ஒரு மண். எனக்கோ நாகர்கோவிலில் நண்பர்களோடு சினிமா, அக்காவிடமும் காலையிலேயே சொல்லியிருந்தேன். மூன்று மணி பஸ்ஸை விட்டால் படம் போச்சு.

“போதும் அக்கா. இது மனுஷன் கைபடாத மண்ணு. இதுக்குக் கீழ ஒண்ணும் இருக்காது.”

“அப்படியா சாரே? மலையில இருந்து மழைக்கு ஒலிச்சு வந்த மண்ணு மாதிரில்லா கெடக்கு? கீழ வேற மண்ணு இருக்கும்லா?”

“அக்கா, நான் இதுல எம்.ஏ.”

“எல்லாத்தையும் மூடிருங்க” என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். ‘ஆறு குழிகளும் மூன்றடி ஆழம் வரை அகழப்பட்டன’ என்று கூசாமல் எழுதினேன். (படம் படு மோசம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.)

திங்கட்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் பெரிய சார் ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் குழுத் தலைவர், திருச்சிக்காரர். கோபம் வந்தால் குரல் தணியும், அதனால் அவர் மெதுவாகப் பேசினாலே எங்களுக்கு உதறும். அறிக்கையைக் கொடுத்துவிட்டு, மூடிய குழிகளைக் காட்டப் பெருமையாக முன்னால் நடந்தேன்.

அங்கே வரிசையாக ஆறு தென்னம்பிள்ளைகள் நின்றன. ஒவ்வொன்றுக்கும் வெயில் படாமல் ஓலை மறைப்பு வேறு.

“குழி எங்க தம்பி?” என்றார் சார். குரல் ஏற்கெனவே தணிந்திருந்தது.

செல்வி அக்கா மலர்ந்த முகத்தோடு வந்தார். “மூடச் சொன்னாரு சாரே. நல்ல குழிய சும்மா மூடதுக்கு மனசு வரல்ல. சனியாழ்ச்ச தெங்கு வச்சேன். ரெண்டடி காணாது பாத்துக்கிடுங்க, தெங்குக்கு மூணடி வேணும். நான் இன்னும் ஓரடி வெட்டுனேன்.”

சார் அறிக்கையைப் புரட்டினார். “மூணடின்னு போட்டிருக்கே.”

நான் தென்னம்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தென்னைக்குப் போட்டது போக மீந்த உப்பு ஒரு கிண்ணத்தில் இருந்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பாடப்புத்தகத்தில் நான் பத்து மதிப்பெண்ணுக்குப் படித்த அதே கறுப்பு சிவப்புக் கிண்ணம். சார் உப்பை ஓர் ஓலையில் கொட்டிவிட்டு அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நாலாம் குழியில கெடந்துது சாரே, கழுவி எடுத்தேன். அதுக்கப் பக்கத்துல பெரிய பானைக்க வாயி ஒண்ணு தெரிஞ்சுது. அதத் தொடல்ல. சாரு வந்தா காட்டலாம்னு தள்ளி வெட்டித் தெங்க வச்சேன்.”

முதுமக்கள் தாழி. அதற்குள் எனக்கும் ஓர் இடம் இருக்குமா என்று யோசித்தேன். சார் என் அறிக்கையின் கடைசி வரியை மெதுவாக வாசித்தார்: “இங்கே தொல்லியல் தடயம் ஏதுமில்லை. குவாரிப் பணிக்குத் தடையில்லை.”

செல்வி அக்காவின் சிரிப்பு நின்றது. “அப்ப எனக்க வீடு?”

அன்றுதான் நான் எழுதிய ‘இல்லை’க்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாகர்கோவிலுக்கு எத்தனை மணிக்கு பஸ்? உனக்குத் தெரிஞ்சிருக்குமே. பெட்டியைக் கட்டு.”

அதன் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. யாருடைய வீட்டை நான் ஒரு சினிமாவுக்காக எழுதித் தொலைத்தேனோ, அவரே குறுக்கே வந்து நின்றார்.

“அவர விடுங்க சாரே, சின்னப் புள்ள. அவரு அந்த எடத்துல குழி போடச் சொல்லாட்டா நான் அங்க தெங்கே வச்சிருக்க மாட்டேன். பானையும் வந்திருக்காது. இனிமே ஒழுங்கா இருப்பாரு.”

சார் என் அறிக்கையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு தீர்ப்பு வந்தது. நான்காம் குழியின் தென்னையைப் பிடுங்கி வேறிடத்தில் நட வேண்டும். அதற்கான குழியை நானே தோண்ட வேண்டும். “மூணடி” என்றார்.

அன்றைக்குத்தான் முதன்முதலாக மம்பட்டி பிடித்தேன். அரை மணியில் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. செல்வி அக்கா ஒரு கம்பால் அளந்து அளந்து, “இன்னும் காணாது சாரே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம் பார்த்து நடுவில் கட்டன்சாயா மட்டும் தந்தார்.

அந்த இடத்தில் மேலும் ஐந்து தாழிகள் கிடைத்தன. குவாரி மலைக்கு மறுபக்கம் போனது. அக்காவின் வீடு அங்கேயே இருக்கிறது. புது அறிக்கையில் ‘கண்டெடுத்தவர்’ என்ற இடத்தில் அவர் பெயரை நானே எழுதினேன், கட்டுப் போட்ட கையால்.

அன்று அவர் வாய் திறக்காமல் நின்றிருந்தால் இந்தத் தொழிலில் நான் இல்லை. இன்றும் எந்தக் குழியிலும் ஓரடி கூடுதலாகப் போகச் சொல்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் ‘இல்லை’ என்று மனசாட்சியோடு எழுத முடிகிறது.

நான் நட்ட அந்தத் தென்னையின் காய்கள் வருடா வருடம் ஒரு சாக்கில் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. “சாருக்க தெங்கு இந்த வருசமும் கொள்ளாம், நல்ல காய்ப்பு” என்று அக்கா போனில் சொல்வார். கதை முழுவதும் என் மனைவிக்கும் மகளுக்கும் அவர் சொல்லித்தான் தெரியும். நான் சொல்லியிருந்தால் சினிமாவை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பேன்.

நேற்றுகூட, “வண்டிச் சாவியை வீடு முழுக்கத் தேடிட்டேன், எங்கயும் இல்ல” என்றேன். அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எத்தன அடி தேடினிய?”

மறுபடி தேடினேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.